மேட்டுப் பக்கத்து நடைபாதை

தேயிலைக்கு விலை இறங்கிய வருடங்களில் எங்கள் எஸ்டேட்டில் வேலை முதலில் வாரத்துக்கு மூன்று நாள் ஆனது. பிறகு ஒரு நாள். பிறகு பேக்டரியின் புகைபோக்கியில் புகை வருவது நின்றது. மூடிவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. காலையில் வேலைக்குப் பேர் போட ஆளைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மா, டவுனில் இருந்த ஒரு விடுதிப் பள்ளியின் சமையலறையில் காய்கறி நறுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். லயத்திலிருந்து இன்னும் மூன்று பெண்கள் அதே பள்ளியில் சேர்ந்தார்கள். எங்கள் வரிசை வீடுகளை அம்மா லயம் என்றுதான் சொல்வாள். சிலோன் தோட்டத்திலிருந்து சிறுமியாகக் கப்பலேறி வந்தவள். சில சொற்களை அவள் அங்கே விட்டுவிட்டு வரவில்லை.

அதுவரை அம்மா நடந்ததெல்லாம் எஸ்டேட்டுக்குள்தான். அங்கே வண்டி என்றால் கொழுந்து ஏற்றும் டிராக்டரும் துரையின் ஜீப்பும். இரண்டும் வருகிற சத்தம் ஒரு மலைக்கு அப்பாலிருந்தே கேட்டுவிடும். இப்போது தினமும் மெயின் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. டவுனுக்குச் சற்று முன்னால் மூக்குத் திருப்பம் என்று ஓர் இடம் உண்டு. மலை அங்கே மூக்குப் போல ரோட்டுக்குள் துருத்திக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பது இந்தப் பக்கத்தில் தெரியாது.

நான் சிவில் டிப்ளமோ முடித்து, எங்கள் பேரூராட்சி அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்கு நிதானம் வரும். மூக்குத் திருப்பத்துக்கும் ஒரு பட்டியல் போட்டேன். ஒன்று, டவுனுக்கு இறங்கும் பஸ் மலையை ஒட்டித் திரும்புகிறது. முன் சக்கரம் தப்பினாலும் பின் சக்கரம் இன்னும் உள்ளே வருகிறது. இரண்டு, காலை ஆறு மணிக்கு அங்கே பனிமூட்டம். மூன்று, அம்மாவின் ஸ்வெட்டர் கறுப்பு. நான்கு, அம்மாவுக்கு வலது காது கேட்காது. டவுனுக்குப் போகும்போது ரோடு அவளுக்கு வலது பக்கம்.

மூன்றாவதற்கு மட்டும்தான் என்னால் உடனே ஏதாவது செய்ய முடிந்தது. மஞ்சள் ஸ்வெட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "இத போட்டுக்கிட்டுப் போனா பஸ்ஸு என்னயப் பாத்து நின்னுரும், ஏறுங்கன்னு சொல்லும்" என்று சொல்லி அம்மா அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்து மூக்குத் திருப்பம் தாண்டும் வரை நடைபாதை போட அனுமதி வந்தது. எங்கள் பொறியாளர் கீழே சமவெளியில் கோபி ஊர்ப் பக்கத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. குளிரைத் தவிர வேறு எதன் மீதும் அவருக்குக் கோபம் இல்லை. "அம்மிணி, நீயே அளந்து பிளான் போட்டுக் கொண்டா" என்றார். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஊருக்கு நடைபாதை என்று நான் நினைக்கவில்லை. அம்மாவுக்கு நடைபாதை என்றுதான் நினைத்தேன்.

டேப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் அளந்தேன். ரோட்டின் மேட்டுப் பக்கத்தில் மலை. மலையை ஒட்டி மழைத்தண்ணீர் ஓடும் திறந்த வாய்க்கால். இடமே இல்லை. பள்ளத்துப் பக்கத்தில் ஒரு ஆள் தாராளமாகக் கை வீசி நடக்க இடம் இருந்தது. திருப்பத்தில் வண்டி வருவதும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். பஸ்ஸின் பின் சக்கரம் அங்கே வராது. பள்ளத்துப் பக்கமே என்று முடிவு செய்தேன். அடியில் கல் சுவர், மேலே ஓடு பதித்த பாதை, ஓரத்தில் இரும்புக் கம்பி. பொறியாளர் பிளானைப் பார்த்துவிட்டு, "பேஷ். டூரிஸ்டுக நின்னு போட்டோவும் எடுத்துக்குவாங்க" என்றார். சுவர் கட்டும்போது ஒவ்வொரு வரிசைக் கல்லையும் நான் நின்று பார்த்தேன். சுவரில் இன்று வரை ஒரு விரிசல் கிடையாது.

வேலை முடிந்த மறுநாள் காலை, அம்மா புறப்படுவதற்கு முன்பே நான் போய் மூக்குத் திருப்பத்தில் நின்றேன். பனி இறங்கியிருந்தது. முதலில் பேச்சுச் சத்தம் கேட்டது, பிறகு நான்கு உருவங்கள். ஒருவர் பின் ஒருவராக, தேயிலைக் காட்டில் நிரை பிடித்துப் போவது போலவே, மேட்டுப் பக்கத்தில் வாய்க்கால் விளிம்பை ஒட்டி ரோட்டில் நடந்து வந்தார்கள். என் நடைபாதை எதிர்ப்பக்கத்தில் ஓடு மினுங்கக் காலியாகக் கிடந்தது. அம்மா என்னைப் பார்த்துக் கையாட்டினாள். "நல்லாருக்கு புள்ள, ஒன் பாத" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பழகட்டும் என்று ஒரு வாரம் விட்டேன். பழகவில்லை. சரி, பாதையில்தான் ஏதோ குறை என்று பட்டியல் போட்டேன். ஏறும் படி உயரமோ? இரண்டு இடத்தில் சரிவு வைத்தோம். ஓடு வழுக்குகிறதோ? கொத்தனாரை வைத்துக் கொத்தி விட்டோம். தெரியவில்லையோ? 'நடைபாதையைப் பயன்படுத்தவும்' என்று பலகை வைத்தோம். பலகை வைத்த அன்று மாலை, நான் வீட்டுக்குள் இருப்பது தெரிந்தே வாசலில் நின்று தொங்கல் வீட்டு அக்கா அம்மாவிடம் சத்தமாகக் கேட்டார்: "ஏன்டி, ஒம் மக எங்கள போர்டு வச்சு மெரட்டுதாம்ல? கங்காணி வேலக்கி எழுதிப் போட்டிருக்கா என்ன?" தொங்கல் வீடு என்றால் லயத்தின் கடைசி வீடு. அம்மாவோடு பள்ளிக்குப் போகிற மூவரில் ஒருவர். அந்த அக்கா ஆள் நல்ல கனம். அவருடைய குரலும் அப்படித்தான்.

கொத்தனாரும் என்னை விடவில்லை. "ஏனுங்க மேடம், நம்ம நடபாதைல இன்னைக்கு மூணு பேரு போனாங்க" என்றார்.

"யாரு?"

"ரெண்டு ஆடு, ஒரு டூரிஸ்டுங்க."

பொறியாளருக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. மேலிடத்திலிருந்து பார்க்க வருவார்கள், பாதை காலியாகக் கிடந்தால் கேள்வி கேட்பார்கள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மேட்டுப் பக்கம் நெடுக்கச் சங்கிலி போட்டு உட்டரலாம் அம்மிணி. நடக்கறதுக்கு எடமில்லீன்னா தன்னால அக்கட்டால போவாங்க. அடுத்த மாசம் போட்டர்லாம்."

சங்கிலி போட்டால் இவர்கள் பாதைக்குப் போகமாட்டார்கள், சங்கிலிக்கு வெளியே ரோட்டில் நடப்பார்கள். இப்போது வாய்க்கால் விளிம்பில் நடப்பவர்கள், அப்போது பஸ்ஸுக்கு இன்னும் ஓர் அடி பக்கத்தில் நடப்பார்கள். கேட்காத காது பஸ்ஸின் பக்கம். இதை அவரிடம் சொன்னேன். "அப்ப என்ன பண்ணலாம்னு சொல்லு" என்றார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு மாலை அம்மா வீட்டுக்குள் நுழைந்தபோது சேலை ஒரு பக்கம் முழுக்கச் சேறு, முழங்கை தேய்ந்து ரத்தம். பின்னாலேயே தொங்கல் வீட்டு அக்கா, அவரும் சேறாக.

"வாய்க்கால்ல எறங்கிட்டேன் புள்ள" என்றாள் அம்மா.

"எறங்குனாளாம்! உழுந்தா" என்றார் அக்கா. "திருப்பத்துல பஸ்ஸு மூஞ்சிக்கு நேரா வருது. மழச் சத்தத்துல இவளுக்குக் காதும் கேக்கல, குனிஞ்சுக்கிட்டு வந்தவளுக்குக் கண்ணும் தெரியல. நான் புடிச்சு இழுத்தேன் பாரு, ரெண்டு பேரும் சாக்கடைக்குள்ள. கீழ இவ, மேல நான்."

"பஸ்ஸு ஏறியிருந்தாக்கூட இம்புட்டு வலிச்சிருக்காது" என்றாள் அம்மா. இருவரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. வெந்நீர் வைத்து அவளுடைய முழங்கையைக் கழுவினேன். அக்கா போன பிறகு, நான் வழக்கமாகப் போடாத சத்தத்தைப் போட்டேன்.

"அவ்வளவு பெரிய பாத போட்டு வச்சிருக்கேன். அதுல நடந்தா என்னம்மா?"

"அது பள்ளத்துப் பக்கம்ல."

"கம்பி போட்டிருக்கேன்."

"கம்பிய எதுல நட்டிருக்க? மண்ணு போச்சுன்னா கம்பியும் கூடத்தான போகும்."

"அடியில சொவரு இருக்கும்மா. ஒவ்வொரு கல்லையும் நான் பாத்து வச்சது."

"நீ நல்லாத்தான் வச்சிருப்ப, நான் இல்லைங்கல. மழ நாள்ல அந்தப் பக்கம் நடக்க எனக்கு ஏலாது. காலு போகமாட்டேங்குது." துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, சண்டைக்கு இல்லாமல் சும்மா கேட்டாள்: "நீ இப்ப எந்தப் பக்கமா வந்த?"

நான் மேட்டுப் பக்கமாகத்தான் வந்திருந்தேன். அன்று மட்டுமல்ல, பாதை போட்ட நாளிலிருந்து தினமும்.

இதை எப்படிக் கவனிக்காமல் இருந்தேன் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். மறுநாள் காலை அலுவலகம் போகும்போது வேண்டுமென்றே ரோட்டைக் கடந்து என் நடைபாதையில் ஏறினேன். ஓடு நனைந்திருந்தது. பத்துப் பதினைந்து அடி போயிருப்பேன். நான் கம்பியை விட்டு விலகி, பாதையின் ரோட்டு ஓரத்துக்கு வந்துவிட்டது தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு கால் பாதையிலும் ஒரு கால் ரோட்டிலுமாக நடந்துகொண்டிருந்தேன். அந்தச் சுவர் தாங்கும் என்று எனக்குக் கணக்கே தெரியும். கணக்கு போட்டவளே நான்தான். இருந்தும் என் கால் கேட்கவில்லை.

எஸ்டேட்டில் மழைக்குப் பிறகு முதலில் சரிவது பாதையின் பள்ளத்து விளிம்புதான். மேலே பார்த்தால் முழுசாக இருக்கும், கீழே மண் போயிருக்கும். அதனால் நடக்கப் பழகும்போதே எல்லோரும் மேட்டோரமாக நடக்கப் பழகுகிறோம். கால் சறுக்கினால் பக்கத்தில் மலை இருக்கிறது, ஒரு பிடி புல்லாவது கைக்குக் கிடைக்கும். இதை யாரும் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. கோயம்புத்தூரில் மூன்று வருடம் படித்தபோது பாதையின் அகலம், உயரம், ஓட்டுநருக்குத் தெரியவேண்டிய தூரம் எல்லாம் கற்றுக்கொண்டேன். ஜனங்களின் கால் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு வரி என் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஒரு வாரம் குடையோடு திருப்பத்தில் நின்று, போகிறவர்களுக்கெல்லாம் நோட்டில் கோடு போட்டேன். பால்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், இத்தலார் ஊர்ப் பக்கத்திலிருந்து முட்டைக்கோஸ் மூட்டையோடு வந்து இறங்குகிறவர்கள், எங்கள் லயத்துப் பெண்கள். கோடுகள் கிட்டத்தட்ட எல்லாமே நோட்டில் மேட்டுக்கு என்று ஒதுக்கிய பக்கத்தில் விழுந்தன. எதிர்ப்பக்கத்தில் சமவெளியிலிருந்து வந்த டூரிஸ்டுகளுக்கான கோடுகள் மட்டும். மூன்றாம் நாளே எனக்கு வாய்க்கால் கண்ணில் பட்டது. அதாவது, அதன் அகலம் கண்ணில் பட்டது. ஒரு ஆள் நடக்கிற அகலம். இடம் இல்லை என்று நான் எழுதிய இடத்தில் இடம் இருந்தது. அதற்கு மூடி இல்லை, அவ்வளவுதான்.

மார்க்கெட் வாய்க்கால் வேலையில் மிஞ்சிய சிமென்ட் பலகைகள் மார்க்கெட்டுக்குப் பின்னால் பாசி பிடித்துக் கிடந்தன. அளந்து பார்த்தேன், பொருந்தியது. பொறியாளரிடம் போனேன்.

"ஏற்கெனவே ஒரு பக்கம் போட்டது காலியாக் கெடக்குது. இன்னொரு பக்கமுமா?" என்றார். "வாய்க்கால மூடுனா தண்ணி அடைச்சுக்கும். அப்பறம் ரோட்டு மேலதான் ஆறு ஓடும்."

அவர் கேட்கக்கூடியதை எல்லாம் எழுதித்தான் கொண்டுபோயிருந்தேன். பலகைக்குப் பலகை தூக்க இரும்பு வளையம். பத்தடிக்கு ஓர் இடத்தில் கம்பி வலை. மலைத்தண்ணீர் உள்ளே இறங்க இடைவெளி. ரோட்டு விளிம்பில் பஸ் சக்கரம் ஏறாத அளவுக்குக் கல் வரிசை. படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இத மொதல்லயே ஏன் சொல்லுல?"

"மொதல்ல பிளான் போட்டேன் சார். இப்பத்தான் நடந்து பாத்தேன்."

ஜீப்பை எடுக்கச் சொன்னார். மூக்குத் திருப்பத்தில் இறங்கும்போது தூறல். பொறியாளர் குடையை விரித்துக்கொண்டு நேராக என் நடைபாதையில் ஏறி, ஒரு தயக்கமும் இல்லாமல் கம்பி ஓரமாக நடந்தார். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தார். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால், வாய்க்கால் விளிம்பில், ஜீப் டிரைவர். இந்த மலையிலேயே பிறந்தவர்.

"ஏப்பா, இங்க இத்தன எடம் கெடக்குது. அங்க எதுக்கு நிக்கற?"

டிரைவர் தன் காலைப் பார்த்தார், பிறகு பள்ளத்தைப் பார்த்தார். "மழைங்களே சார்" என்றார்.

பொறியாளர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். பிறகு இறங்கி எங்கள் பக்கம் வந்தார். "சங்கிலி வேண்டாம்" என்றார். "திருப்பத்துல மட்டும் மூடிப் பாக்கலாம். தண்ணி நின்னுதுன்னா உம் பேரத்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்க சார்."

பத்து நாள் வேலை. கொத்தனார் முதல் பலகையை இறக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்: "மொதல்ல ஆட்டுக்குப் போட்டம். இப்ப எலிக்கு வீடு கட்டறமுங்க மேடம்." நான் கவலைப்படவில்லை என்று சொன்னால் பொய். பலகைக்கு அடியில் வெற்றிடம். மிதித்தால் டொம்மென்று ஒலி. பள்ளத்தை நம்பாத கால் இதை மட்டும் நம்புமா?

நம்பவில்லை, முதலில். முடிந்த மறுநாள் காலை நான்கு பேரும் வந்து முதல் பலகைக்கு முன்னால் நின்றார்கள். அம்மா காலால் தட்டிப் பார்த்தாள். "உள்ள ஒண்ணுமில்லையே புள்ள" என்றாள்.

"தண்ணி போகுதும்மா. மேல பலகை தாங்கும்."

"தாங்கும்னு சொல்ற. யாரு நின்னு பாத்தா?"

அம்மாவும் மற்ற இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொங்கல் வீட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன்டி, எல்லாரும் என்னயவே பாக்குறீங்க?" என்றார் அக்கா.

"நீ நின்னு ஒடையலைன்னா லாரியே ஏறலாம்க்கா" என்றாள் ஒருத்தி.

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகையின் நடுவில் ஏறி நின்றார். பிறகு குதித்தார். ஒரு முறை அல்ல, மூன்று முறை. மூன்றாவது குதியில் என் உள்ளங்கால் வரை அதிர்ந்தது. பலகை அசையவில்லை. "வாங்கடி" என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் மலைப் பக்கத்துப் புல்லைத் தொட்டுக்கொண்டே அவர் முன்னால் நடந்தார். மற்றவர்கள் நிரை பிடித்துப் பின்னால் போனார்கள்.

அடுத்த பெருமழை நான்கு நாள் கழித்து வந்தது. மழை விட்ட காலையில் ஆறு மணிக்கே நான் திருப்பத்தில் இருந்தேன். வலைகளில் சருகு சேர்ந்திருந்தது, வாரிப் போட்டேன். அடியில் தண்ணீர் சளசளவென்று ஓடும் சத்தம். ரோட்டின் மேல் ஒரு சொட்டு தேங்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் வெள்ளைக் குல்லாய் போட்ட ஒரு குடும்பம் கம்பியில் சாய்ந்து பள்ளத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

பனிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்குத் தோலைத் தடிமனாகச் சீவுகிறவள் யார் என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் பலகைகளின் பாதியில் வரும்போது, குந்தாவிலிருந்து வரும் முதல் பஸ் அவர்களுக்குப் பின்னால் மூக்கைச் சுற்றித் திரும்பியது. எப்போதும் போல மலையை ஒட்டித்தான் வந்தது. கல் வரிசைக்கு ஒரு முழம் முன்னால் அதன் முன் சக்கரம் விலகியது, பின் சக்கரமும் கல்லைத் தொடாமல் போனது. யாரும் வாய்க்காலில் இறங்கவில்லை. ஒதுங்கக்கூட இல்லை. அம்மாவுக்கு பஸ் வந்தது தெரியவே இல்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. "தோல் இம்புட்டுக் கனம்" என்று விரலைக் காட்டிக்கொண்டே நடந்து வந்தவள், என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"காலங்காத்தால இங்க என்ன புள்ள பண்ற? சாப்பிட்டியா?"

"இல்ல" என்றேன். எனக்கு நல்ல பசி.

"போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அவள் வழக்கைத் தொடர்ந்தபடி போனாள். நான் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்து, நான்கு இட்லியும் ஒரு வடையும், அதற்குப் பிறகு இன்னும் இரண்டு இட்லியும் சாப்பிட்டேன்.